கல்லூரி ஃபுட்பால்: ஸ்கோர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது செய்தி வருவது மகிழ்ச்சி தருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கும் பல்கலைக்கழகங்களின் அணிகள் இவை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் முடியும்வரை அந்த ஊர்களில் சனிக்கிழமை என்றாலே இந்த ஆட்டம்தான். ஆனால் வரும் செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: இந்த அணிக்கு 8 வெற்றி, 4 தோல்வி, பயிற்சியாளரின் நாற்காலி ஆடுகிறது. அந்த எட்டும் நாலும் எப்படி வந்தன என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இதைச் சரிசெய்ய அதிக இடம் தேவையில்லை, எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வெற்றி தோல்விக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு 2021 சீசனில் 3 வெற்றி, 9 தோல்வி. பட்டியலில் பார்த்தால் படுமோசமான அணி. ஆனால் அந்த ஒன்பது தோல்விகளில் ஒன்றுகூட 9 புள்ளிக்கு மேல் போகவில்லை. சீசன் முழுவதையும் கூட்டினால் அந்த அணி எடுத்த புள்ளிகள் விட்டுக்கொடுத்ததைவிட அதிகம். பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதைத் தொடர்ந்து வரும் இரண்டு புள்ளி முயற்சி பலித்தால் மொத்தம் 8. அதாவது 8 புள்ளி வரையிலான பின்னடைவை ஒரே ஒரு முறை பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரத்திலேயே சமன் செய்துவிடலாம். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட ஆட்டங்களில் ஆறில் ஐந்தை வென்ற அணி அடுத்த ஆண்டும் அப்படியே வெல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தோற்ற அணி அப்படியே தோற்கும் என்றும் சொல்ல முடியாது.

பந்து கைநழுவும் கணக்கும் இதே ரகம்தான். எதிரணி இடைமறித்துப் பிடிக்கும் இன்டர்செப்ஷனில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் அவசரமும் எதிரணியின் திறமையும் ஓரளவு தெரியும். ஆனால் ஃபம்பிள் ஆகி, அதாவது ஆட்டக்காரர் கையிலிருந்து நழுவி, தரையில் உருளும் பந்து யார் கைக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட பூவா தலையா. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் அணி உருண்ட பந்துகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துத்தான் வென்றது என்றால், அந்த வெற்றிகளில் ஒரு பங்கு அடுத்த ஆண்டு கையில் நிற்காது.

அதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. பத்து யார்டு நகர ஓர் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவது டவுனில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம்: இவ்வளவு நகர்ந்தால் அந்த ஆட்டநகர்வு வெற்றி, இல்லையென்றால் தோல்வி. பத்து யார்டு தேவைப்படும் முதல் டவுனில் 5 யார்டு ஓடினால் நல்லது, 3 யார்டு ஓடினால் அது நஷ்டம். மொத்த யார்டுக் கணக்கு இதைக் காட்டாது. கடைசிக் குவார்ட்டரில் 30 புள்ளி பின்தங்கிய நிலையில், எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்களுக்கு எதிராகச் சேர்த்த 150 யார்டும் அந்த மொத்தத்தில் சேர்ந்துவிடும். அந்த யார்டுகளை வைத்து "தாக்குதல் பிரமாதம்" என்று எழுதுவது வாசகரைத் தவறான பக்கம் கொண்டுபோகும்.

நெப்ராஸ்காவின் அந்த ஆண்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் நான்காவது குவார்ட்டரில் முன்னிலையில் இருந்தபோது பன்ட் உதைத்தார்கள், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டார்கள். விரட்டிப் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், பந்து மறுபக்கம் போய் இறங்கியது. எதிரணி வீரர் அதை எடுத்து ஆளில்லாத பக்கமாக ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 23-20 என்று கைவிட்டுப் போனது. தாக்குதல், தடுப்பு என்று இரண்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். உதை சார்ந்த மூன்றாவது பிரிவு தனியாக ஆட்டங்களைத் தோற்கடிக்கிறது.

பந்தைக் கோல்கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்டு கோலை அருகிலிருந்து பார்த்தால் இது புரியும். பந்தை இரண்டு கால்களுக்கிடையே பின்னோக்கி வீசுபவர் லாங் ஸ்னாப்பர். ஏழெட்டு யார்டு பின்னால் ஒரு முழங்காலில் அமர்ந்திருப்பவர் அதைப் பிடித்து, தையல் கோல்கம்பத்தைப் பார்த்திருக்கும்படி திருப்பித் தரையில் நிறுத்த வேண்டும். உதைப்பவர் அதற்குள் ஓடிவர ஆரம்பித்திருப்பார். ஸ்னாப்பிலிருந்து உதை வரை சுமார் 1.3 நொடி. இரண்டு நொடியை நெருங்கினால் ஓரத்திலிருந்து பாய்ந்து வருபவர் கையை நீட்டித் தடுத்துவிடுவார். தையல் உதைப்பவரின் பாதம் படும் பக்கம் திரும்பியிருந்தால் பந்து வளைந்து போகும். பந்து 30 யார்டுக் கோட்டில் இருந்தால் உதையின் தூரம் 30 இல்லை. கோல் கோட்டுக்கும் கோல்கம்பத்துக்கும் இடையிலான எண்ட் ஸோனின் 10 யார்டும் பின்னால் உதைக்கும் இடத்துக்கு 7 யார்டும் சேர்ந்து 47 ஆகிறது. கல்லூரி மைதானத்தில் நடுவில் உள்ள, பந்தை வைப்பதற்கான எல்லையான ஹாஷ் கோடுகள் 40 அடி இடைவெளியில் இருக்கின்றன, தொழில்முறை லீகில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரி ஆட்டத்தில் ஓரத்திலிருந்து உதைக்கும் கோணம் மிகவும் கடினம். "எளிதான உதையைத் தவறவிட்டார்" என்று பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி எழுதும் முன் பந்து எந்த ஹாஷ் கோட்டில் இருந்தது, ஸ்னாப் சரியாக வந்ததா என்று ஒருமுறை வீடியோவைப் பார்க்க வேண்டும். பல சமயம் தவறு அந்தப் பையன் பந்தைத் தொடும் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

அடுத்தது காயம். ஒரு சீசன் ஓர் எலும்பில் நிற்பதற்கு ஃபுளோரிடா ஸ்டேட் அணியைவிட வலுவான சான்று கிடையாது. 2023 நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுக்கு எதிராக 58-13 என்று வென்ற ஆட்டத்தின் தொடக்கத்திலேயே குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த காயம். அணி அதன்பிறகும் தோற்கவில்லை. தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவான ஏசிசி கான்ஃபரன்ஸின் இறுதியில் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கை வைத்து லூயிவில்லை 16-6 என்று வென்று 13-0 ஆனார்கள். ஆனாலும் சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபுக்கு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் 13 பேர் குழு, டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்று சொல்லி, ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கு நான்காவது இடத்தைக் கொடுத்தது. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோல்வியே காணாத சாம்பியன் நான்கு அணி பிளேஆஃபில் இடம் பெறாமல் போனது அதுவே முதல் முறை. பிறகு ஆரஞ்சு போல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில், முக்கியமான பலர் விளையாடாமல் விலகிக்கொள்ள, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு, 2024-ல், 2 வெற்றி 10 தோல்வி.

13-1, 2-10 என்ற இரண்டு எண்களை மட்டும் அடுத்தடுத்து அச்சிட்டால் வாசகருக்கு என்ன புரியும்? பயிற்சியாளருக்கு ஓராண்டில் மூளை குழம்பிவிட்டது என்றுதான் தோன்றும். நடந்தது என்னவென்றால், அனுபவம் மிக்க ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் தொழில்முறைக்கும் வேறு கல்லூரிகளுக்கும் போனார்கள். அந்த இடங்களை வெளியிலிருந்து வந்தவர்களை வைத்து நிரப்பிய அணி ஒன்றுசேரவே இல்லை.

குவார்ட்டர்பேக்கின் காயமாவது செய்தியாகிறது. குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் நிற்கும் லைனில் ஏற்படும் காயத்தை யாரும் எழுதுவதில்லை, அது எனக்குப் பெரும் மனக்குறை. தாக்குதல் லைனில் ஐந்து பேர். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது முறை எதிரில் நிற்பவரோடு மோதுகிறார்கள். லைனின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் கணுக்கால் மேல்சுளுக்கோடு உட்கார்ந்தால் நாலு முதல் ஆறு வாரம் போகும். அவர் இடத்துக்கு வலது டேக்கிளை மாற்றுவார்கள், வலது டேக்கிளின் இடத்துக்கு உட்புறம் நிற்கும் கார்டை மாற்றுவார்கள். ஒரு காயத்துக்கு மூன்று இடம் புதிதாகிறது. அடுத்த இரண்டு ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஆறு முறை சாய்க்கப்படுவார், "குவார்ட்டர்பேக் தடுமாற்றம்" என்று தலைப்பு வரும். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தால் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு மீண்டும் இறங்கவே கூடாது. பிறகும் படிப்படியாகத்தான் விட வேண்டும்: ஓய்வு, லேசான ஓட்டம், ஆட்டம் சார்ந்த அசைவு, மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் ஒப்புதலோடு முழுப் பயிற்சி, அதன்பின் ஆட்டம். எந்தப் படியில் தலைவலி திரும்பினாலும் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். "அடுத்த வாரம் வந்துவிடுவார்" என்று எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி சீசனுக்கு முந்தைய ஆகஸ்ட் மாதப் பயிற்சி. உங்கள் பக்கத்தில் அது வருவதே இல்லை. ஆனால் சீசன் உருவாவது அங்கேதான், உயிர் போவதும் பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை, பயிற்சியில்தான். 2018 மே 29 அன்று மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லைன்மேன் ஜோர்டன் மெக்நேர் ஓட்டப் பயிற்சியின்போது சுருண்டு விழுந்தார். உடல் வெப்ப அதிர்ச்சி. பனிநீர்த் தொட்டியில் உடனே இறக்கவில்லை. ஜூன் 13 அன்று இறந்தார், வயது 19. உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினால் அல்லது நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நெற்றியில் வைக்கும் வெப்பமானியை நம்பக் கூடாது, மலக்குடல் வெப்பமானி மட்டுமே சரியாகக் காட்டும். கழுத்து வரை பனிநீரில் அமிழ்த்தி, நீரைத் தொடர்ந்து கலக்கிக்கொண்டே அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். குளிர்விப்பது முதல் வேலை, ஆம்புலன்ஸில் ஏற்றுவது அடுத்த வேலை. இந்த வரிசை தலைகீழானால் உயிருக்கே ஆபத்து. தொட்டியும் பனிக்கட்டியும் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் தயாராக இருக்கிறதா என்பதுதான் ஒரு கல்லூரி அணியைப் பற்றிப் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? தலைமைப் பயிற்சியாளரை மீறி நிறுத்தும் உரிமை மருத்துவக் குழுவுக்கு இருக்க வேண்டும்.

விதிகளும் இந்தப் பக்கமாகத்தான் நகர்ந்திருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சி என்ற பழைய வழக்கத்தை, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏ 2017-ல் நிறுத்தியது. 2021-ல் இன்னும் இறுக்கியது: முதல் 7 நாள் உடலை வெயிலுக்குப் பழக்குவதற்கு, அதன்பின் முழு கவசத்தோடு அதிகபட்சம் 9 பயிற்சி, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்துக்கு மேல் கூடாது. காரணம் எளிது. வியர்வை சுரப்பும் ரத்த அளவும் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது. தலைக்கவசமும் தோள் கவசமும் வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கின்றன. கனத்த உடல் கொண்ட லைன்மேன்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

சீசன் தொடங்கிவிட்டால் வாரம் ஒரே சுழற்சி. ஞாயிறு வீடியோவும் சிகிச்சையும், திங்கள் பெரும்பாலும் ஓய்வு, செவ்வாயும் புதனும் கடும் பயிற்சி, வியாழன் லேசாக, வெள்ளி நடைப்பயிற்சியும் பயணமும், சனி ஆட்டம். வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்பது விதி. ஆனால் ஆட்ட நாள் எவ்வளவு நேரம் போனாலும் 3 மணி நேரமாகவே கணக்கு வைக்கப்படுகிறது, பயணமும் சிகிச்சையும் கணக்கிலேயே வருவதில்லை. இதற்கிடையில்தான் அந்தப் பையன்களுக்குப் பாடமும் தேர்வும்.

முன்பு ஓர் அணிக்குச் சீசனுக்கு 11 ஆட்டம் இருந்தது, 2006 முதல் நிரந்தரமாக 12. கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போனால் 13. பிளேஆஃப் 2024-ல் 4 அணியிலிருந்து 12 அணியாக விரிந்தது. ஓஹையோ ஸ்டேட் அந்த ஆண்டு ஓரிகனிடம் 32-31, மிச்சிகனிடம் 13-10 என்று இரண்டு முறை தோற்று, கான்ஃபரன்ஸ் இறுதிக்கே போகாமல், எட்டாவது தரநிலையில் நுழைந்து டென்னசி, ஓரிகன், டெக்சாஸ் ஆகியவற்றை வீழ்த்தி 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டாமை 34-23 என்று வென்றது. மொத்தம் 16 ஆட்டம். தோற்ற நோட்ர டாமும் 16 ஆடியது. அந்த அணியோ செப்டம்பரில் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றிருந்தது. முதல் சுற்றில் ஆடாமல் நேராக இரண்டாம் சுற்றுக்குப் போன நான்கு அணிகளும் தங்கள் முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வெளியேறின. ஆக, நவம்பரில் ஒரு தோல்விக்காக "கனவு தகர்ந்தது" என்று தலைப்புப் போடும் காலம் முடிந்துவிட்டது. இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லைனில் எத்தனை பேர் நல்ல உடல்நிலையில் இருப்பார்கள்?

ஆட்டப் பட்டியலைப் படிக்கவும் சிறிது கவனம் வேண்டும். 2025 வரை பிக் டென் அணிகள் கான்ஃபரன்ஸுக்குள் 9 ஆட்டம், எஸ்இசி அணிகள் 8 ஆட்டம் ஆடின. மீதியில் ஒன்றிரண்டு, பணம் கொடுத்து வரவழைக்கப்படும் சிறிய கல்லூரிகளோடு. போல் ஆட்டத்துக்குத் தகுதி பெற 6 வெற்றி வேண்டும், அதில் கீழ்ப்பிரிவு அணிக்கு எதிரான வெற்றி பொதுவாக ஒன்றுதான் சேரும். 6-6 என்ற இரண்டு அணிகளை ஒரே தராசில் வைக்கவே முடியாது.

ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் மாறிவிட்டது. கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. பெயர், உருவத்தை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை 2021 ஜூலை 1 முதல். 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஒப்புதல் தந்த, ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஃபுட்பாலில் 85 உதவித்தொகை என்ற வரம்பு போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்தது. பணம் பெறுவதை நான் குறை சொல்லமாட்டேன், அந்த உடல்கள் படும் பாட்டுக்கு அது நியாயம். ஆனால் போன ஆண்டுப் பட்டியலை வைத்து இந்த ஆண்டு அணியைக் கணிக்க முடியாது. இண்டியானா 2023-ல் 3-9. புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி தாம் முன்பு பயிற்சியாளராக இருந்த ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்தே பலரை அழைத்து வந்தார், 2024-ல் அதே இண்டியானா 11-2. ஒருவரோடொருவர் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள் கூட்டமாக வந்ததுதான் அங்கே வேலை செய்தது. தனித்தனியாக நட்சத்திரங்களை வாங்கிச் சேர்த்த பல அணிகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இப்போது என் வேண்டுகோள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் சனி மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 9.30-க்குத் தொடங்குகிறது, மாலை 7.30 ஆட்டம் ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்குப் பின் இவற்றோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். எப்படிப் பார்த்தாலும் ஞாயிறு பதிப்பில் முழுமையாக வராது. திங்கள் பதிப்புக்கு ஒரு முழுப் பகல் இருக்கிறது. அவசரமாக ஸ்கோரை மட்டும் போட அவசியமே இல்லை. ஸ்கோருக்குக் கீழே நான்கு வரி சேருங்கள்: 8 புள்ளிக்குள் முடிந்ததா, பந்தை யார் எத்தனை முறை இழந்தார்கள், தாக்குதல் லைனில் தொடங்கிய ஐவரில் எத்தனை பேர் கடைசிவரை நின்றார்கள், உதை பிரிவில் என்ன நடந்தது.

காயப் பட்டியலைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பிக் டென் 2023 முதல் ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையை வெளியிடுகிறது. எஸ்இசி 2024 முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்குப் புதன்கிழமையே முதல் அறிக்கையை வெளியிட்டு, ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்புவரை புதுப்பிக்கிறது. புதன் அறிக்கையையும் கடைசி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாரத்தின் நடுவில் பயிற்சியில் யார் விழுந்தார் என்பது தெரிந்துவிடும். வரும் சீசனிலிருந்து இதைச் செய்தால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை ஞாயிறு வரை காத்திருந்து திங்கள் காலை முதல் வேலையாகப் படிக்கப் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்